அம்பாசடர் டைமிங்: எட்டு வருடம் நானே வைத்துப் பார்த்ததில்

அப்பாவின் 1986 மார்க் 4 அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். எட்டு வருடமாக இதற்கு டைமிங், அதாவது பிளக்கில் ஸ்பார்க் எந்த நேரத்தில் அடிக்க வேண்டும் என்ற கணக்கு, வைப்பது நான்தான். அதற்கு முன் பட்டறையில் விடுவோம். இன்ஜினை ஓடவிட்டு, டெல்கோவை (பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை) இப்படியும் அப்படியும் திருப்பி, சத்தம் நன்றாக எகிறும் இடத்தில் நிறுத்தி போல்ட்டை இறுக்கிவிடுவார்கள். கோபியில் ஓட்டும்வரை அருமையாக இருக்கும். பண்ணாரி தாண்டி திம்பம் மலை ஏறும்போதுதான் வினை. அங்கே 27 கொண்டை ஊசி வளைவு. ஐந்தாவது ஆறாவது வளைவிலேயே தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குவதுபோல் நாக்கிங் வந்துவிடும்.

காரணம் பிறகுதான் புரிந்தது. சுமை இல்லாமல் ஓடும் இன்ஜினுக்கு அட்வான்ஸ் (ஸ்பார்க் முன்கூட்டியே அடிப்பது) கூடக் கூட ஓரளவு வரை வேகம் ஏறிக்கொண்டே போகும், அதை நம்பி வைத்தால் மலையில் முழு ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது பெட்ரோல் முன்கூட்டியே எரிந்து, மேலே வரும் பிஸ்டனை எதிர்த்து அடிக்கும். அடுத்த முறை வேறொரு பட்டறையில் நாக்கிங்கைச் சொன்னோம், நன்றாக ரிடார்டு செய்து, அதாவது ஸ்பார்க்கைத் தாமதமாக்கி, கொடுத்தார்கள். நாக்கிங் போனது, புல்லிங்கும் போனது. எரிய வேண்டியது தாமதமாக எரிந்து சூடெல்லாம் ஹெட்டிலும் சைலன்சரிலும் இறங்க, பாதி மலையில் ரேடியேட்டர் கொதித்தது. அப்பாவுக்கு அப்போது 70 வயது, ரோட்டோரம் ஒரு மணி நேரம் உட்கார வைத்தேன். அன்றைக்கே இதை நானே கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

நான் செய்வது இதுதான். முதலில் டெல்கோவுக்குள் திறந்து மூடும் சிபி பாயிண்ட்டின் கேப், ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து 0.38 மில்லிமீட்டர். இதை விட்டுவிட்டு டெல்கோவைத் திருப்பினால் அத்தனையும் வீண், ஏனென்றால் கேப் மாறினாலே டைமிங் மாறிவிடும். அப்புறம் பிளக்குகளைக் கழற்றி, முதல் சிலிண்டர் ஓட்டையில் விரலை வைத்துக்கொண்டு ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். காற்று விரலைத் தள்ளினால் கம்ப்ரெஷன் வருகிறது. டைமிங் செயின் மூடியின் அடியில் மூன்று பல் இருக்கும்: நீளமானது டிடிசி, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம், மற்றவை அதற்கு முன் 5, 10 டிகிரி. புல்லியில் உள்ள வெட்டு கண்ணுக்குத் தெரியாது, பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கு அடித்த மிச்ச வெள்ளை பெயிண்ட்டை அதில் வைத்தேன், இன்னும் அழியவில்லை.

ஒரு 12 வோல்ட் பல்ப். ஒரு வயர் காயிலிலிருந்து டெல்கோவுக்கு வரும் முனையில், இன்னொன்று பாடியில். சாவியைப் போட்டு மெதுவாகச் சுற்றினால், பாயிண்ட் திறக்கும் அந்த நொடி பல்ப் எரியும், ஸ்பார்க் அடிக்கும் நேரமும் அதுவேதான். வெட்டு 5 டிகிரி பல்லுக்கு வரும்போது பல்ப் எரியும்படி டெல்கோவைத் திருப்பி இறுக்குவேன். இந்த இன்ஜினில் டெல்கோவுக்குள் இருக்கும் ரோட்டர் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றும். அதனால் அட்வான்ஸ் வேண்டுமென்றால் டெல்கோவைக் கடிகாரத் திசையில் திருப்ப வேண்டும். மிச்சத்தை ரோட்டில் பார்ப்பேன். டெல்கோ பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது, ஏ, ஆர் என்று குறி போட்டிருக்கும், போல்ட்டைத் தளர்த்தாமலே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தலாம். அதை வைத்த புண்ணியவான் நன்றாக இருக்க வேண்டும். ஏற்றத்தில் டாப் கியரில் அழுத்தும்போது லேசாக ஒரு தட்டல் கேட்டால் ஆர் பக்கம் ஏழெட்டு கிளிக், அவ்வளவுதான்.

நாள்பட்டதில் தெரிந்தது சில. கேமில் உரசும் ஃபைபர் கட்டை தேயத் தேய கேப் குறையும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், வண்டி தானாகவே ரிடார்டு ஆகும். ஐந்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்க்கிறேன், கேமில் துளி கிரீஸும் வைக்கிறேன். இன்ஜின் உறிஞ்சலை வைத்து டெல்கோவில் அட்வான்ஸைக் கூட்டும் வேக்குவம் டியூபை வாயில் வைத்து இழுத்தால் உள்ளே பிளேட் நகர வேண்டும். எனக்கு நான்காவது வருடம் நகரவில்லை, அதை இழுக்கும் ஜவ்வான டயாஃப்ரம் கிழிந்திருந்தது. மாற்றியதும் நெடுஞ்சாலை மைலேஜ் 9லிருந்து 11 ஆனது.

ஆறாவது வருடம், இன்ஜின் ஓடும்போது ஸ்பார்க்குக்கு ஏற்ப மின்னும் டைமிங் லைட் அடித்துப் பார்த்தபோது வெள்ளைக் குறி ஓரிடத்தில் நிற்காமல் ஆடியது. டெல்கோ ஷாஃப்ட்டைப் பிடித்து ஆட்டினால் ஆடுகிறது, அதைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. அந்த நிலையில் எப்படி வைத்தாலும் நிற்காது. புஷ் போட்ட பிறகுதான் குறி நின்றது. பாயிண்ட்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் கிட் போடச் சொல்கிறார்கள். நல்லதுதான், ஆனால் வழியில் நின்றால் கழற்றிச் சுத்தம் செய்து ஓட்டக்கூடியது பாயிண்ட், அதனால் இதிலேயே இருக்கிறேன்.

போன மாதம் புல்லிங் குறைந்தது போலிருந்தது. கேப் பார்த்தேன், 0.38 வைத்தது 0.28 ஆகியிருந்தது. அதை மட்டும் சரி செய்து ஹேண்டிலைச் சுற்றினேன். டெல்கோவைத் தொடாமலே பல்ப் 5 டிகிரி பல்லுக்கு நேராக எரிந்தது.