ஜோடி நாவல்கள்: எது தேறும், எது தேறாது

இரண்டு செவ்வியல் நாவல்களை எடுத்து, ‘ஒரே கருப்பொருள்’ என்று முத்திரை குத்தி ஜோடி சேர்ப்பது சுலபம். காதல், தனிமை, விடுதலை என்று ஒற்றைச் சொல்லில் அடங்கும் ஒற்றுமை எந்த இரண்டு நாவல்களுக்கும் கிடைத்துவிடும். அதற்காகக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இரண்டாவதைப் படித்த பிறகு முதலாவது வேறு மாதிரித் தெரிகிறதா? இந்தச் சோதனையில் சில பிரபலமான ஜோடிகளை வைத்துப் பார்க்கலாம்.

எல்லோரும் சிபாரிசு செய்வது ஃப்ளாபேரின் ‘மேடம் பவாரி’யும் டால்ஸ்டாயின் ‘அன்னா கரீனினா’வும். சிபாரிசு சரி, சொல்லப்படும் காரணம்தான் மட்டம். மணமான பெண், இன்னொருவர்மேல் காதல், கடைசியில் தற்கொலை என்று படித்தால் இரண்டும் ஒரே கதையாகத் தேய்ந்துபோகும். அதைவிட, இருவரும் புத்தகம் படிக்கும் விதத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். ‘பவாரி’ முதல் பாகம், 6ஆம் அத்தியாயம்: நாயகி எம்மா படிக்கும் கன்னிமடத்துக்குத் துணி தைக்க வரும் கிழவி, ஏப்ரன் பையில் நாவல்களை ஒளித்துக் கொண்டுவந்து கொடுக்கிறாள். எம்மா அவற்றில் ஊறி, வாழ்க்கையும் அப்படியே இருக்கும் என்று நம்பிவிடுகிறாள். ‘கரீனினா’ முதல் பாகம், 29ஆம் அத்தியாயம்: அன்னா ரயிலில் ஓர் ஆங்கில நாவலைப் பிரிக்கிறாள். ஆனால் அடுத்தவர் வாழ்க்கையின் நிழலைப் பின்தொடர அவளுக்குப் பிடிக்கவில்லை. தானே வாழ்ந்துவிடத் துடிக்கிறாள். எம்மா புத்தகத்துக்குள் போகிறாள், அன்னா அதை விட்டு வெளியே வருகிறாள். இது பிடிபட்டுவிட்டால் மற்ற வேற்றுமைகள் வரிசையாகத் தட்டுப்படும்.

உதாரணமாக, இருவரையும் சாகடிப்பது எது? எம்மாவைச் சாய்ப்பதில் காதலர்களைவிடக் கடனுக்குத்தான் பங்கு அதிகம். துணி வியாபாரி லெரோ புரோநோட்டுக்குமேல் புரோநோட்டாகப் புதுப்பித்துக்கொண்டே போய், கடைசியில் 24 மணி நேரத்தில் 8,000 ஃப்ராங்க் கட்டு, இல்லாவிட்டால் ஜப்தி என்ற இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறான். அன்னாவுக்குப் பணக் கவலை அப்படிக் கழுத்தை நெரிப்பதில்லை. அவளுக்கு மூடப்படுவது வீட்டுக் கதவுகள். ஐந்தாம் பாகத்து நாடக அரங்கக் காட்சியில் பக்கத்துப் பெட்டியில் இருப்பவள் அவளை அவமதித்துவிட்டு எழுந்து போகிறாள். அதே ஊரில் அவள் காதலன் விரான்ஸ்கி தாராளமாக நடமாடுகிறான். ஃப்ளாபேர் கணக்குப் புத்தகத்தை வைத்து ஒரு பெண்ணை அழிக்கிறார், டால்ஸ்டாய் விருந்து அழைப்புகளை வைத்து.

வரிசை முக்கியம். 35 அத்தியாயமுள்ள ‘பவாரி’ முதலில், எட்டுப் பாகம் 239 அத்தியாயம் ஓடும் ‘கரீனினா’ பிறகு. மாற்றிப் படித்தால் டால்ஸ்டாயின் விஸ்தாரத்துக்குப் பின் ஃப்ளாபேர் கஞ்சத்தனமாகத் தெரிவார். அது அவருக்குச் செய்யும் அநியாயம். இன்னொரு எச்சரிக்கை: அன்னா ஏழாம் பாகத்தின் முடிவில் இறக்கிறாள், பலர் அங்கேயே நூலை மூடிவிடுகிறார்கள். நாவலைத் தொடராக வெளியிட்ட பத்திரிகையின் ஆசிரியரே எட்டாம் பாகத்தைப் போட மறுத்தார் (செர்பியப் போருக்குப் போன தொண்டர்களைப் பற்றிய டால்ஸ்டாயின் பார்வை அவருக்கு ஒத்துவரவில்லை). 1877இல் அது தனியாக வந்தது. ஆனால் ஒப்பீட்டின் சதை இருப்பதே அங்கேதான். எம்மா இறந்த பின்னும் ‘பவாரி’ மூன்று அத்தியாயம் நீள்கிறது. கடைசி வரியில் மருந்துக்கடை ஓமேக்கு அரசாங்கப் பதக்கம் கிடைக்கிறது. அங்கே அற்பனுக்குப் பதக்கம், இங்கே ‘கரீனினா’வின் இன்னொரு நாயகன் லெவினுக்கு நம்பிக்கை. சுருக்கப் பதிப்பு வாங்கினால் முதலில் வெட்டுப்படுவது லெவின்தான். எனவே வேண்டாம்.

‘ஜேன் அயர்’ (1847), ‘வைட் சர்காசோ சீ’ (1966) ஜோடிக்கு முழு மதிப்பெண். ஷார்லட் பிராண்டி மாடியறையில் பூட்டிவைத்த, நாயகன் ராச்செஸ்டரின் முதல் மனைவி பெர்த்தாவுக்கு ஜீன் ரீஸ் அன்டோனெட் என்ற பெயரும் குரலும் கொடுக்கிறார். கணவனுக்குக் கடைசிவரை பெயரே தரவில்லை. முதலில் ‘ஜேன் அயர்’தான், இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ரீஸின் நாவலை முடித்ததும் ‘ஜேன் அயர்’ 27ஆம் அத்தியாயத்தை மறுபடி எடுங்கள். ராச்செஸ்டர் தன் ஜமைக்கா திருமணத்தைச் சொல்லும் இடம் அது: 30,000 பவுண்டு சீதனம், அதைப் பற்றி அப்பா தன்னிடம் வாயே திறக்கவில்லை என்கிறார். ரீஸின் இரண்டாம் பாகத்தில் அதே 30,000 பவுண்டு நிபந்தனையின்றிக் கைக்கு வந்துவிட்டது என்று கணவன் அப்பாவுக்கு மனத்துக்குள் கடிதம் எழுதுகிறான். இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்துப் படித்தால் ராச்செஸ்டரின் பரிதாபக் கதை ஆட்டம் காண்கிறது.

ஆனால் கால அட்டவணை மட்டும் போடாதீர்கள், பொருந்தாது. ‘ஜேன் அயர்’ 32ஆம் அத்தியாயத்தில் புதிதாக வந்ததாகச் சொல்லப்படும் ‘மார்மியன்’ 1808இல் வெளியான கவிதை நூல். அன்டோனெட் தன் தையல் வேலையில் பொறிக்க நினைக்கும் ஆண்டோ 1839. அடிமை ஒழிப்புக்குப் பிந்தைய ஜமைக்கா தன் கதைக்குத் தேவை என்பதால் ரீஸ் காலத்தை நகர்த்திக்கொண்டார்.

‘ஃப்ராங்கன்ஸ்டைன்’, ‘ஜெக்கில் அண்ட் ஹைட்’ ஜோடி பரவாயில்லை ரகம். விஞ்ஞானி விக்டர் உருவாக்கிய பூதத்தையும், டாக்டர் ஜெக்கில் மருந்து குடித்து உருமாறும் ஹைடையும் இணை வைப்பது வழக்கமான பிழை. பூதம் நாவலின் நடுவில் அத்தியாயக் கணக்கில் தன் கதையைத் தானே சொல்கிறது. ஹைடுக்கு அப்படி ஒரு வாய்ப்பே இல்லை. விக்டரையும் ஜெக்கிலையும் இணை வையுங்கள்: இருவரும் நடந்ததைச் சொல்கிற சாக்கில் தங்களைத் தாங்களே மன்னித்துக்கொள்கிறார்கள். மேரி ஷெல்லியின் 1818 பதிப்பையே தேடி வாங்குங்கள். 1831 திருத்தத்தில் விதியின்மேல் பழி கூடி, விக்டரின் பொறுப்பு தளர்ந்துவிடுகிறது. ஜெக்கில் கடைசியில் மாட்டிக்கொள்வது கலப்பட உப்பால் என்பதையும் கவனியுங்கள். முதலில் வாங்கிய உப்பில் இருந்த ஏதோ மாசுதான் மருந்தை வேலை செய்ய வைத்திருக்கிறது. ஆக, அவருடைய விஞ்ஞானமே ஒரு குருட்டு அதிர்ஷ்டம்.

‘1984’ஐயும் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ஐயும் சேர்த்து வாங்க வேண்டாம். ஒன்றில் மக்களை அடக்குவது வலி, மற்றதில் இன்பம் என்று ஒரே வரியில் ஒப்பீடு முடிந்துவிடும். ‘1984’க்கு உண்மையான ஜோடி ஜாமியாட்டினின் ‘வீ’. 40 குறிப்புகளாக எழுதப்பட்ட இது ஆங்கில மொழிபெயர்ப்பில் 1924இல் வந்தது, சோவியத் மண்ணில் அச்சேறியது 1988இல்தான். ஆர்வெல் ‘1984’ஐ வெளியிடுவதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1946இல், இதற்கு மதிப்புரை எழுதியிருக்கிறார். இரண்டிலும் காதலே கலகம், இரண்டிலும் கதாநாயகன் முறிகிறான். ஜாமியாட்டினின் டி-503க்கு அறுவை சிகிச்சை ஒன்றே போதும். கற்பனை போய்விட, காதலி சித்திரவதைப்படுவதை அமைதியாக உட்கார்ந்து பார்க்கிறான். வின்ஸ்டனிடம் அதே வேலையை வாங்க ஆர்வெலுக்கு ஒரு முழுப் பாகம் தேவைப்படுகிறது. ‘1984’ வாங்கும்போது கடைசிப் பக்கங்களைப் புரட்டி, நாவலின் சர்வாதிகார ஆட்சி புகுத்தும் ‘புதுமொழி’ பற்றிய பின்னிணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது இறந்த காலத்தில் எழுதப்பட்டிருப்பதால், அந்த ஆட்சி முடிந்துபோனதோ என்ற வாதமே அதிலிருந்துதான் கிளம்புகிறது. அது இல்லாத பதிப்பில் அந்த வாதத்துக்கு இடமே இருக்காது.