‘கியர்பாக்ஸ் போச்சு’ என்றதும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்

பழைய சின்ன ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களும், செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். திறக்கவே திறக்காத கியர்பாக்ஸுக்கு முழு ஓவர்ஹால் பில் போட்டு என்னிடம் காசு வாங்கிவிட்டார்கள். ஒர்க்‌ஷாப்பின் பெயரை இங்கே போடவில்லை, எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு பக்கம் நடக்கட்டும். எப்படிச் செய்தார்கள் என்பதுதான் உங்களுக்கு உதவும், ஏனென்றால் இதே வேலையை யாரும் யாரிடமும் காட்டலாம்.

கார் பத்து வருடத்துக்கு மேல் ஓடியது. நாலு கியர், டார்க் கன்வர்ட்டர் (என்ஜினின் சுழற்சியை ஆயில் மூலம் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள பழைய வகை ஆட்டோமேட்டிக். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்த மாதிரி ஒரு குலுக்கு. சில நாள் ஒன்றுமே இருக்காது. சில நாள் ஒரே கியரில் மாட்டிக்கொண்டு, நின்று கிளம்பும்போது நகரவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும், என்ஜினை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். செக் என்ஜின் லைட் எரியும், அப்புறம் தானாக அணையும். இன்னொன்றும் இருந்தது: அந்தக் குலுக்கு வரும் அதே நொடியில் ஸ்பீடோமீட்டர் முள் பொத்தென்று பூஜ்யத்துக்கு விழுந்து திரும்ப மேலே ஏறும்.

இதை ஒர்க்‌ஷாப் ஓனரிடம் தெளிவாகவே சொன்னேன். “அது மீட்டர் பிரச்சினை சார், வேற விஷயம், அதை அப்புறம் பாத்துக்கலாம்” என்று தள்ளிவிட்டார். கையில் அடங்கும் ஒரு சின்ன ஸ்கேனரைச் செருகினார், திரையில் பி0700 என்று வந்தது. “பாத்தீங்களா, கம்ப்யூட்டரே சொல்லுது, கியர்பாக்ஸ் போச்சு. உள்ள கிளட்ச் பிளேட் எல்லாம் எரிஞ்சிருக்கும். ஓவர்ஹால்தான்.” பேசி முடிக்கும் முன்பே அட்வான்ஸ் எவ்வளவு என்பதும் வந்துவிட்டது.

இந்த பி0700 விஷயத்தை எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், வித்தையே இதில்தான் இருக்கிறது. கியர்பாக்ஸைக் கவனிக்கும் கம்ப்யூட்டர் தன்னிடம் ஏதோ ஒரு கோளாறைப் பதிந்து வைத்திருக்கிறது, போய் அதைக் கேள் என்று என்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் தகவல் அது, அவ்வளவுதான். என்ன கோளாறு என்று அதில் ஒரு எழுத்துகூட இல்லை. அது தெரிய வேண்டுமானால் அந்த டிரான்ஸ்மிஷன் (அதாவது கியர்பாக்ஸ்) கம்ப்யூட்டருக்குள்ளேயே போய்ப் படிக்கிற ஸ்கேனர் வேண்டும். அதில் பி0715 வந்தால் கியர்பாக்ஸுக்குள் வரும் வேகத்தை அளக்கும் சென்சார் பக்கம், பி0720 வந்தால் வெளியே போகும் வேகத்தை அளக்கும் சென்சார் பக்கம், பி0750 வந்தால் ஒரு ஷிஃப்ட் சோலனாய்டு (கியர் மாற்ற ஆயிலைத் திறந்து மூடும் மின்வால்வு) பக்கம், பி0740 வந்தால் டார்க் கன்வர்ட்டரின் லாக்கப் கிளட்ச் பக்கம் என்று தேட ஆரம்பிக்க வேண்டும். இதிலும் சென்சாரா, வயரா, கனெக்டரா என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வர முடியும். வெறும் பி0700-ஐக் காட்டி ‘ஓவர்ஹால்’ என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவருக்குத் தெரியவில்லை, இல்லை நன்றாகவே தெரிந்திருக்கிறது.

அப்புறம் வண்டி அவர்களிடமே கிடந்தது. போன் செய்தால் “ஸ்பேர் வரணும்”, “கிட் வந்துடுச்சு, பையன் லீவு” இப்படியே போனது. ஒரு நாள் நேரில் போய் நின்றேன். ஒரு டிரேயில் கறுப்பு எண்ணெயில் ஊறிய சில பாகங்களைக் கொண்டுவந்து காட்டி “இதான் உங்க வண்டியில இருந்து எடுத்தது, பாருங்க எப்படித் தேஞ்சிருக்கு” என்றார்கள். எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை, இருக்கட்டும் என்று போனில் ஒரு படம் எடுத்துவைத்தேன். வண்டி கைக்கு வந்ததும் நன்றாகவே ஓடியது. பில்லில் ‘கியர்பாக்ஸ் ஓவர்ஹால், கிட், ஆயில், லேபர்’ என்று ஒரே வரி, கீழே மொத்தத் தொகை. பார்ட் நம்பர் என்று எதுவும் கிடையாது.

கொஞ்ச நாளில் அதே குலுக்கு. அதே முள். திரும்பப் போனால் ஓனர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை: “கியர்பாக்ஸ் புதுசு மாதிரி ஆயிடுச்சு சார், இப்ப அந்த ஃபோர்ஸைப் பழைய கன்வர்ட்டர் தாங்கல. டார்க் கன்வர்ட்டர் மாத்தணும்.” அதற்குத் தனிக் காசு. ஓவர்ஹால் என்று கியர்பாக்ஸை இறக்கினால் கன்வர்ட்டரும் கூடவே கழன்று வரத்தான் வேண்டும். அதையும் சேர்த்துச் சரிசெய்வது அல்லது மாற்றுவதுதான் ஒழுங்கான முறை, ஏனென்றால் தேய்ந்த தூளெல்லாம் அதற்குள்ளும் ஆயில் கூலருக்குள்ளும்தான் தங்கும். உண்மையிலேயே இறக்கியிருந்தால் அப்போதே பேசியிருக்க வேண்டிய பேச்சு இது. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை மட்டுமே பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். மனிதர் அதிகம் பேசமாட்டார். முதலில் ஆயில் அளவுக்கம்பியை உருவி வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டார். பழுப்பு நிறம். “ஓவர்ஹால் பண்ணின பெட்டியா இது?” என்று மட்டும் கேட்டார். புதிதாக ஊற்றிய ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயில்) பெரும்பாலான வண்டிகளில் நல்ல சிவப்பாக இருக்கும், கொஞ்ச நாள் ஓட்டத்தில் இப்படிப் பழுத்துப்போகாது. அளவும் சூட்டில் இருக்கவேண்டிய கோட்டுக்கு மேலே நின்றது, அதாவது இருந்த பழைய ஆயிலின் மேலேயே கொஞ்சம் ஊற்றிவிட்டிருக்கிறார்கள். ஆயில் அதிகமாக இருப்பதும் குறைவாக இருப்பதைப் போலவே கெடுதல். சுழலும் பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரையில் அழுத்தம் நிற்காது, கிளட்ச் வழுக்கும்.

பிறகு வண்டியை லிஃப்டில் ஏற்றி என்னையும் கீழே கூப்பிட்டுக் காட்டினார். என்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துப் பிடிக்கும் பெரிய போல்ட்டுகளின் தலையில் வருடக்கணக்கான துருவும் மண்ணும் அப்படியே அப்பியிருந்தன. ஸ்பேனர் பட்டால் விளிம்பில் பளபளவென்று உலோகம் தெரியும், அப்படி ஒரு கீறல்கூட இல்லை. அடியிலிருக்கும் ஆயில் பேனின் போல்ட்டுகளும் அதே கதி. பேன் விளிம்பில் பழைய கேஸ்கெட் சேற்றோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது, ஒரு போல்ட்டின் மேல் கம்பெனியில் போட்ட பெயின்ட் கோடு உடையாமல் இருந்தது. பெட்டியை இறக்காமல் ஓவர்ஹால் செய்ய முடியாது, அந்தப் பெரிய போல்ட்டுகளைக் கழற்றாமல் பெட்டியை இறக்க முடியாது. இதற்கு மேல் யாரிடம் என்ன கேட்க?

போனிலிருந்த படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார், அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார். டிரேயின் ஓரத்தில் கிடந்தது சின்னச் சின்ன எஃகுத் தகடுகளை அடுக்கிக் கோத்த ஒரு பெல்ட். அது சி.வி.டி. என்ற வேறு வகை ஆட்டோமேட்டிக் வண்டியில் இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஓடுவது. என் வண்டியில் இருப்பது கிளட்ச் பேக்குகளும் பிளானட்டரி கியர்களும், அதில் அந்த மாதிரி பெல்ட்டே கிடையாது. யாருடைய வண்டியின் பிணத்தையோ காட்டி என்னிடம் துக்கம் விசாரித்திருக்கிறார்கள்!

சரி, உண்மையான கோளாறு? அவருடைய ஸ்கேனரில் பி0720. வெளியே போகும் வேகத்தை அளக்கும் சென்சார் பெட்டியின் வெளியே ஒரே ஒரு போல்ட்டில் உட்கார்ந்திருந்தது. அதன் கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சை பூத்த பின்கள், ஒன்று பாதி அரித்தே போயிருந்தது. என் வண்டியில் ஸ்பீடோமீட்டருக்கும் கணக்கு அதே சென்சாரிலிருந்துதான் போகிறது, அதனால்தான் முள் விழுந்தது. வண்டி என்ன வேகத்தில் போகிறது என்று தெரியாத கம்ப்யூட்டர் எப்போது கியர் மாற்றுவது என்று குழம்பும், கொஞ்ச நேரத்தில் பாதுகாப்புக்காக ஒரே கியரில் பூட்டிக்கொள்ளும், இதைத்தான் லிம்ப் மோடு என்பார்கள். முன்பு கொஞ்ச நாள் நன்றாக ஓடியதற்குக் காரணம், அந்தக் கனெக்டரைத் துடைத்து மாட்டிவிட்டு, கம்ப்யூட்டரில் பதிந்த கோளாறு எண்ணை அழித்துக் கொடுத்திருப்பார்கள் என்றார் பெரியவர். அதாவது, கோளாறு எங்கே என்று அந்த ஒர்க்‌ஷாப்புக்கு அநேகமாக முதல் நாளே தெரியும். எனக்கு ரொம்பவும் எரிச்சலூட்டுவது இதுதான்.

சென்சாரும் கனெக்டரும் புதிதாகப் போட்டார், பேனைத் திறந்து ஃபில்டரையும் மாற்றினார். பேனிலுள்ள காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை இருந்தது, பயந்துபோய்க் கேட்டேன், வயதான வண்டியில் அது இருக்கத்தான் செய்யும், கையில் குத்தும் அளவுக்கு உலோகச் செதில் இருந்தால்தான் கவலை என்றார். வடித்து ஊற்றினால் ஒரு தடவையில் ஆயில் முழுக்க மாறாது, கன்வர்ட்டரில் நிறையத் தங்கிவிடும் என்பதால் கொஞ்சம் ஓட்டியபின் மறுபடி வடித்து மாற்றினார். ஆயிலையும் வண்டியின் புத்தகத்தில் எழுதியிருக்கும் வகையைப் பார்த்துத்தான் வாங்கச் சொன்னார். டெக்ஸ்ரான், மெர்கான், ஏ.டி.எஃப்.+4, டபிள்யூ.எஸ். என்று வகைகள் இருக்கின்றன, ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று ஊற்றிவிட முடியாது, சி.வி.டி.க்கு முற்றிலும் வேறு ஆயில்.

இதைப் படித்துவிட்டு எல்லாக் குலுக்கலும் சென்சார்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆக்சிலரேட்டரை மிதித்தால் என்ஜின் மட்டும் கத்திக்கொண்டு வண்டி வேகம் எடுக்காமல் இருப்பது, டி-யிலோ ஆர்-லோ போட்டபின் வெகுநேரம் கழித்து ‘டக்’கென்று பிடிப்பது, ஆயிலில் தீய்ந்த வாடை, பேனில் உலோகச் செதில், இவையெல்லாம் சேர்ந்து இருந்தால் உள்ளே உண்மையிலேயே தேய்மானம் இருக்க வாய்ப்பு அதிகம். மறுபக்கம் பார்த்தால், என்ஜின் மிஸ்ஃபயர் ஆனாலும், என்ஜின் மவுன்ட் நைந்துபோனாலும், பேட்டரி எர்த் வயர் துருப்பிடித்தாலும் கியர்பாக்ஸ் கோளாறு போலவே தெரியும். ஏ.எம்.டி. வண்டி என்றால் கதையே வேறு, அது சாதாரண மேனுவல் பெட்டிதான், கிளட்சையும் கியரையும் ஆக்சுவேட்டர் இயக்குகிறது, அதற்கு ‘ஏ.டி.எஃப். மாற்றணும்’ என்று யாராவது பில் போட்டால் அங்கேயே நின்று கேளுங்கள்.

ஓவர்ஹால் என்று யாராவது சொன்னால் டிரான்ஸ்மிஷன் கம்ப்யூட்டரிலுள்ள கோளாறு எண்களை எல்லாம் பிரின்ட் எடுத்தோ திரையைப் படம் பிடித்தோ வாங்கிவிடுங்கள். வண்டியை விடும் முன் அந்தப் பெரிய போல்ட்டுகளையும் பேன் விளிம்பையும் கிட்டே வைத்துப் படம் எடுங்கள், முடிந்தால் ஒரு போல்ட்டின் மேல் குறுக்கே ஒரு பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள். பெட்டியை இறக்கி வெளியே வைத்திருக்கும்போது அதன் சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி ஒரு படம் கேளுங்கள், பழைய பாகங்கள் எனக்கே வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். உண்மையாக வேலை செய்கிறவர் இதற்கெல்லாம் முகம் சுளிக்கமாட்டார்.

படங்களோடு பழைய ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். “பையன் தெரியாம வேற வண்டி ஸ்பேரைக் காட்டிட்டான் சார்” என்றார் ஓனர். சரி, என் வண்டியின் ஸ்பேர் எங்கே என்றேன், ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம். போல்ட்டுகளில் துரு எப்படி அப்படியே இருக்கிறது என்றேன், அதற்குப் பதில் வரவில்லை. காசைத் திருப்பித் தர முடியாது, வேண்டுமானால் அடுத்த சர்வீஸ் இலவசம் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தப் படங்களையும் ஒற்றை வரி பில்லையும் பெரியவர் எழுதிக் கொடுத்த அறிக்கையையும் புகாரோடு இணைத்திருக்கிறேன். பதில் ஏதாவது வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.