பாவூர்சத்திரத்துச் சிட்டை எந்த சர்வருக்குப் போக வேண்டும்?

பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடை. வெண்டையும் கத்தரியும் பல்லாரியும் வந்து இறங்கும். எடை போட்டு, ஏலம் விட்டு, கமிஷனும் இறக்குக்கூலியும் கழித்து விவசாயி கையில் சிட்டை கொடுப்பார்கள். அந்தச் சிட்டையைப் போனிலேயே போட ஒரு வெப் ஆப் எழுதிக் கொடுத்திருந்தேன். கணக்கு முழுவதும் பிரவுசருக்குள்ளேயே, லோக்கல் ஸ்டோரேஜில். கடைப் பையன் ஒருநாள் போனில் இடம் இல்லை என்று பிரவுசர் டேட்டாவைத் துடைத்துவிட்டான். கார்பன் காப்பி இருந்ததால் மானம் தப்பியது. "ஏ தம்பி, கணக்கை வேற எங்கயாவது பத்திரமா வைக்க வழி கிடையாதா?" என்றார் அண்ணாச்சி.

வழி நாலு இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நேராக டேட்டாபேஸிடம் பேசக் கூடாதா? பேச முடியாது. போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸை எடுத்துக்கொள்ளுங்கள், அது 5432ஆம் போர்ட்டில் தனக்கென்று ஒரு பாஷை வைத்திருக்கிறது. பிரவுசருக்குத் தெரிந்தது எச்டிடிபி, வெப்சாக்கெட் வகையறா. முடிந்தாலும் செய்யக் கூடாது. பிரவுசருக்கு அனுப்பிய கோடில் பாஸ்வேர்டு இருந்தால், டெவலப்பர் டூல்ஸைத் திறக்கத் தெரிந்த யாரும் அதைப் படித்துவிடுவார்கள். கமிஷன் கடையில் விவசாயியோ வியாபாரியோ கல்லாப்பெட்டியில் கை விடுவதில்லை, நடுவில் கணக்குப்பிள்ளை இருக்கிறார். நாலு வழிக்கும் உள்ள வித்தியாசம், அந்தக் கணக்குப்பிள்ளை யார் என்பதுதான்.

முதலில் கூகுள் ஷீட். ஆப்ஸ் ஸ்கிரிப்டில் ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி வெப் ஆப்பாக வெளியிட்டால், பிரவுசர் அனுப்புவதை அது ஷீட்டில் எழுதிக்கொள்ளும். செலவில்லை, அண்ணாச்சிக்கும் திறந்து பார்க்கத் தெரியும். ஆனால் ஜேசன் (ஆப்கள் தகவல் பரிமாறும் ஒரு எழுத்து வடிவம்) என்று தலைப்புப் போட்டு அனுப்பினால், பிரவுசர் முன்கூட்டியே அனுப்பும் அனுமதிக் கேள்விக்கு ஸ்கிரிப்ட் பதில் சொல்லாது. கோர்ஸ் பிழை வரும், அதாவது வேறு டொமைனோடு பேசப் பிரவுசர் போடும் தடை. வெறும் டெக்ஸ்ட் என்று சொல்லி அனுப்பிச் சமாளிக்கலாம். இரண்டு பேர் ஒரே நேரம் எழுதினால் பூட்டு போட வேண்டும். கல்யாண மொய்க் கணக்குக்குச் சரி, தினசரி ஏலத்துக்கு வேண்டாம்.

அடுத்தது ஃபயர்ஸ்டோர். 2014இல் கூகுள் வாங்கிய ஃபயர்பேஸின் டேட்டாபேஸ். இதன் பெரிய பலம், நெட் இல்லாதபோதும் வேலை செய்வது. வெப்பில் அந்த வசதியை நாமாக இயக்க வேண்டும்; இயக்கிவிட்டால் சிட்டை உள்ளுக்குள் வரிசையில் நிற்கும், சிக்னல் வந்ததும் தானாகப் போய்ச் சேரும். தகர ஷெட்டுக்கு அடியில் ஒரு கோடு சிக்னலோடு நிற்கிறவனுக்கு இது பெரிய வரம்.

எனக்கு இடித்தது இரண்டு இடம். ஒன்று, எத்தனை டாக்குமெண்ட் படிக்கிறோமோ அத்தனைக்கும் கணக்கு; ஒரு சிட்டை என்பது ஒரு டாக்குமெண்ட். இலவசமாக ஒரு நாளைக்கு 50,000 ரீடு, 20,000 ரைட்டு. நாளுக்கு 300 சிட்டை என்றால் மாதத்துக்கு 9,000. அந்த மாதப் பட்டியலை ஐந்து தடவை புதிதாக இழுத்தால் 45,000 போய்விட்டது. இரண்டு, கமிஷன் கடையின் உயிரே 'யாருக்கு எவ்வளவு பாக்கி' என்ற கேள்விதான். விவசாயி, சிட்டை, முன்பணம் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். போஸ்ட்கிரஸ் மாதிரி டேட்டாபேஸ்களிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் நாலு வரி. இங்கோ ஒரே தகவலை இரண்டு மூன்று இடத்தில் எழுதி வைத்து, ஒன்று மாறினால் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு திரிய வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: டெஸ்ட் மோடில் ஆரம்பித்தால் 30 நாளைக்குக் கதவு திறந்தே கிடக்கும். காவல் விதிகளை முதல் நாளே எழுதிவிடுங்கள்.

சூப்பாபேஸ் இதே வேலையைப் போஸ்ட்கிரஸை வைத்துச் செய்கிறது. டேபிள் போட்டால் அதோடு ஆப் பேசுவதற்கான வாசல், அதாவது ஏபிஐ, தானாகக் கிடைத்துவிடும். பிரவுசரில் வைக்கும் சாவி எல்லாருக்கும் தெரியலாம். அது ரகசியமே இல்லை. காவல் காப்பது ஆர்எல்எஸ் (ரோ லெவல் செக்யூரிட்டி). போஸ்ட்கிரஸ் 9.5 பதிப்போடு 2016இல் வந்த வசதி அது: எந்த வரியை யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்று டேபிளிலேயே எழுதி வைப்பது. இயக்க மறந்தால் கல்லாப்பெட்டி தெருவில் கிடக்கிற மாதிரிதான்.

அதுமட்டும் போதாது. கமிஷன் தொகையைப் பிரவுசர் கணக்குப் போட்டு அனுப்பினால், அதை வழியில் மாற்றி அனுப்புவது பெரிய வித்தையில்லை. ஆகவே எடை, விலை இரண்டை மட்டும் அனுப்ப வைத்து, கழிவையெல்லாம் டேட்டாபேஸ் ஃபங்ஷனிலேயே போட வைத்தேன். இலவசத் திட்டத்தில் 500 எம்பி இடம். ஒரு வாரம் யாரும் தொடாவிட்டால் புராஜெக்டை நிறுத்தி வைத்துவிடுவார்கள். குற்றாலம் சீசனுக்கு மட்டும் ரூம் விடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தினசரி பேக்கப்பும் காசு கட்டினால்தான், மாதம் 25 டாலர்.

நாலாவது, சொந்த சர்வர். மாத வாடகைக்கு ஒரு லினக்ஸ் மெஷின், அதில் ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோட், அதில் ஏபிஐ எழுத உதவும் எக்ஸ்பிரஸ், போஸ்ட்கிரஸ். மனசுக்குப் பிடித்தது இதுதான். கணக்குப்பிள்ளையை நாமே வளர்த்த மாதிரி, என்ன விதி வேண்டுமானாலும் நேரடியாக எழுதலாம். ஆப்பின் ஃபைல்களையும் ஏபிஐயையும் ஒரே டொமைனில் வைத்தால் கோர்ஸ் தொல்லையே கிடையாது. போஸ்ட்கிரஸ் போர்ட்டை வெளியே திறக்காமல், பாஸ்வேர்டைக் கோடில் எழுதாமல், எஸ்க்யூஎல் வாக்கியத்தோடு பயனர் எழுதியதை ஒட்டாமல் இருந்தால் பாதிப் பிரச்சினை வராது. மீதிப் பாதிதான் தலைவலி. சர்டிபிகேட் புதுப்பிப்பு, அப்டேட், டிஸ்க் நிரம்புவது, இரவு பேக்கப். ஏல நேரத்தில் சர்வர் படுத்தால் எழுந்து பார்க்க நான் ஒருத்தன்தான்.

எந்த வழியாக இருந்தாலும் ஒரு வேலை நம் தலையில் விழும். சோதனை ஓட்டத்தில் சிக்னல் இழுத்தடித்தது, பையன் 'சேமி'யை மூன்று தடவை அழுத்தினான். ஒரே வெண்டைக்காய்க்கு மூன்று சிட்டை! சர்வரில் எழுதியாயிற்று, பதில்தான் திரும்பி வரவில்லை. இப்போது சிட்டைக்கான அடையாள எண்ணைப் பிரவுசரே உண்டாக்குகிறது, அதே எண் மறுபடி வந்தால் டேட்டாபேஸ் கண்டுகொள்ளாது. சிட்டை முதலில் பிரவுசருக்குள்ளேயே இருக்கும் டேட்டாபேஸான இண்டெக்ஸ்டுடிபியில் உட்காரும், அப்புறம்தான் சர்வருக்குப் போகும். இதை எழுதி முடித்ததும் ஃபயர்ஸ்டோரின் பெரிய பலம் எனக்குப் பாதியாகக் குறைந்துவிட்டது.

சூப்பாபேஸைத்தான் எடுத்தேன், காசு கட்டும் திட்டத்தில். "மாசா மாசமா?" என்று அண்ணாச்சி ஒருமுறை முறைத்தார், அப்புறம் சரி என்றார். என்னோடு கூட இன்னொரு ஆள் இருந்திருந்தால் சொந்த சர்வருக்கே போயிருப்பேன். உள்ளே இருப்பது வெறும் போஸ்ட்கிரஸ்தான். என்றைக்கு வேண்டுமானாலும் டம்ப் (முழு நகல்) எடுத்து வேறு மெஷினில் ஏற்றலாம். அதற்காகவே சர்வரோடு பேசும் கோடு மொத்தத்தையும் ஒரே ஃபைலில் வைத்திருக்கிறேன். கார்பன் சிட்டைப் புத்தகத்தை அண்ணாச்சி இன்னும் நிறுத்தவில்லை.