38,000 ரூபாய் போச்சு: இன்டர்கூலர் பைப் மாற்றுபவர்கள் கவனம்

நேற்றுதான் விஷயம் தெரிந்தது. இன்னும் வயிறு எரிகிறது.

வேலூர் பைபாஸ் ஓரம், டர்போ வண்டிகளுக்கு பிக்கப் ஏற்றித் தருவதாகச் சொல்லும் ஒரு பட்டறை. நம்ம ஊர் வெயிலில் என் டீசல் கார் கொஞ்சம் திணறும். "முன்னாடி பெரிய இன்டர்கூலர் வைப்போம்ணா, காத்து குளிர்ந்தா இழுவை தானா வரும்" என்றார் ஓனர். அதில் பொய் இல்லை. டர்போ அழுத்தி அனுப்பும் காற்று சூடாக இருக்கும், அது இன்ஜினுக்குள் போகும் முன் குளிர வைப்பதுதான் இன்டர்கூலர். டீ வரவழைத்து, பில் புத்தகத்தின் பின்பக்கம் டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் பைப் எப்படிப் போகும் என்று வரைந்து காட்டினார். "என் சொந்த வண்டி மாதிரி பாத்துக்கறேன்" என்றார். அதை நம்பித்தான் 38,000 ரூபாயை மொத்தமாகக் கொடுத்தேன்.

ஏலகிரியில் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே வண்டி படுத்துவிட்டது. இரண்டாம் கியரில் மிதித்தால் இழுவையே இல்லை, பின்னால் கரும்புகை.

போன் செய்தால், "புது பைப்புக்கு வண்டி பழகணும், 500 கிலோமீட்டர் ஓட்டுங்க." ஓட்டினேன். அப்புறம், "பைப் நீளமானா அப்படித்தான் லேக் வரும்." (மிதித்த பிறகு இழுவை வர ஆகும் தாமதம்தான் லேக்.) கடைசியில், "உங்க டர்போவே வீக்." இப்போது போனே எடுப்பதில்லை.

காட்பாடியில் வயதான மெக்கானிக் ஒருவர் காற்றடைத்து, ஜாயின்ட்களில் சோப்புத் தண்ணீர் தெளித்தார். இரண்டு இடத்தில் நுரை பொங்கியது. பைப் முனையில் ஹோஸ் வழுக்காமல் இருக்க ஒரு மேடு இருக்க வேண்டும். இதில் மொழுமொழுவென்று வெட்டி, சாதா கிளாம்ப் போட்டிருக்கிறார்கள். பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறினதும் காற்று வெளியே, டீசல் மட்டும் உள்ளே. புகை வராமல் என்ன செய்யும்?

நீளத்தால் லேக் கூடும்தான். ஆனால் ஒன்றிரண்டு அடி கூடினால் ஓட்டுபவருக்குத் தெரிவதே கஷ்டம். விட்டம்தான் அதைவிடப் பெரிய விஷயம்: 2 அங்குலத்தை 2.5 ஆக்கினால் அடிக்கு அடி ஒன்றரை மடங்குக்கு மேல் காற்று நிரம்ப வேண்டும். எனக்கு அதையும் செய்திருக்கிறார்கள், தேவையில்லாத வளைவுகளோடு. இதற்கா 38,000 ரூபாய்?

பழைய பைப்பைக் கேட்டேன். இரும்புக் கடைக்குப் போய்விட்டதாம்.

பைப் மாற்றுபவர்கள் முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். கம்பெனி பைப், இன்டர்கூலரை அன்றே வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். உங்கள் கண் முன்னால் காற்றடைத்துக் காட்டச் சொல்லுங்கள். ரசீது வாங்குங்கள், எனக்கு வெறும் துண்டுச் சீட்டுதான் கொடுத்தார்கள். நுகர்வோர் கோர்ட்டுக்கு அந்தச் சீட்டு போதுமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், 38,000 ரூபாயை நான் விடப் போவதில்லை.