ரெண்டு செட் கிளட்ச் பிளேட் போனப்புறம் புடிபட்ட காரணம்: 68,000 கிமீ ஓட்டின அனுபவம்

வண்டி எடுத்தது 2019ல, இப்ப மீட்டர்ல 68,000 தாண்டிருச்சு. ஒத்த சிலிண்டர் டூரிங் வண்டி, 400 சிசி பக்கம், 5 கியர், கேபிள் கிளட்ச். நமக்கு ஊரு கம்பம், மாமனார் வீடு நெடுங்கண்டம், அதனால மாசத்துக்கு நாலு தடவையாச்சும் மலை ஏறி எறங்கணும், பின்னாடி வீட்டுக்காரம்மா, ரெண்டு பக்கமும் பெட்டி, அதுபோக வருஷத்துக்கு ரெண்டு மூணு லாங் ரைடு. மொத்த ஓட்டத்துல பாதி மலைதான்னு வச்சுக்கோங்க. கிளட்ச் பத்தி மட்டும் தனியா எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன், ஏன்னா நான் பட்ட மாதிரி இன்னொருத்தர் பிளேட்டுக்கு மேல பிளேட்டா மாத்தி காசு விடக்கூடாது.

கிளட்ச் வழுக்குறது மொத தடவ தெரிஞ்சது 2023 கார்த்திகை மாசம். அந்த சீசன்ல சபரிமல வண்டிய எல்லாம் கம்பம்மெட்டு வழியா ஏத்திவிட்டு குமுளி வழியா எறக்குவாங்க, நம்ம பக்கத்துக்காரங்களுக்கு தெரியும். அன்னிக்கு பஸ்ஸு, வேனு, ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப்புன்னு ஒன்னுக்குப் பின்னாடி ஒன்னா நிக்குது, நானும் ஹாஃப் கிளட்ச்லயே உருட்டிட்டுப் போறேன். பாதி மலையில ஒரு கருகின வாசன. முன்னாடி போற வேனோட பிரேக்குன்னு நெனச்சேன், அந்த ரோட்டுல அது சகஜம். மேல போய் நெடுங்கண்டம் ரோட்டுல டாப் கியர் போட்டு ஒரு ஜீப்ப ஓவர்டேக் பண்ண முறுக்கினா எஞ்சின் சத்தம் மட்டும் விர்ருனு ஏறுது, வண்டி அதே வேகத்துல போகுது. ரெண்டு செகண்ட் கழிச்சுதான் புடிக்குது.

இதத்தான் கிளட்ச் ஸ்லிப்னு சொல்வாங்க, பிளேட்டுக ஒன்னையொன்னு இறுக்கிப் புடிக்காம வழுக்குறது. இத செயின் ஸ்பிராக்கெட் தேஞ்சதோட கொழப்பிக்கக் கூடாது. செயின் பல்லு தாண்டினா டக் டக்குனு வெட்டும், சத்தம் வரும், கால்லயே தெரியும். கிளட்ச் ஸ்லிப்புல வெட்டே இருக்காது, மெழுகு மாதிரி வழுக்கிட்டுப் போகும். இன்னொன்னு, நியூட்ரல் சரியா விழல, கியர் போட்டா வண்டி முன்னாடி இழுக்குதுன்னா அது ஸ்லிப்புக்கு நேர் எதிர், கிளட்ச் முழுசா விடலன்னு அர்த்தம், அதுக்கு வைத்தியமே வேற.

எனக்கு நல்லா உதவின டெஸ்ட் ஒன்னு சொல்றேன். ஒரு கியர்ல இத்தன ஆர்பிஎம்னா இத்தன வேகம்ங்கறது பல் சக்கரக் கணக்கு, கிளட்ச் புடிச்சிருக்கிற வரைக்கும் மாறவே மாறாது. என் வண்டி 5ஆவது கியர்ல 4,000 ஆர்பிஎம்முக்கு ஜிபிஎஸ்ல 80 காட்டும், வாங்குன புதுசுலயே நோட்டுல எழுதி வச்சிருந்தேன். சந்தேகம் வந்தவுடனே கம்பம் தேனி ரோட்டுல காலையில ஆள் இல்லாத நேரம் போய்ப் பாத்தேன். மெதுவா போனா கணக்கு சரியா இருக்கு. 5ஆவது கியர்ல 50ல இருந்து முழுசா முறுக்கினா 4,600க்கு ஏறுது, வேகம் இன்னும் 80கூட வரல. லோடு குடுக்கிறப்ப மட்டும் வழுக்குது, அதுவும் எஞ்சின் நல்லா சூடானப்புறம். 1ஆவது 2ஆவது கியர்ல தேடினா ஆரம்பத்துல கண்டுபுடிக்க முடியாது, பெரிய கியர்ல கீழ் ஆர்பிஎம்ல இருந்து முறுக்கணும், அங்கதான் கிளட்ச் மேல பாரம் அதிகம்.

அடுத்து ஆயில் மேல சந்தேகம். வெட் கிளட்ச் எஞ்சின் ஆயில்லயே முங்கிக் கெடக்கிறதால ஆயில் தப்பா இருந்தா புது பிளேட்டும் வழுக்கும். டப்பாவுல ஜாசோங்கற ஜப்பான் தரக் குறியீட்டுல எம்ஏ இல்லன்னா எம்ஏ2ன்னு போட்டிருக்கணும். எம்பி போட்டது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு, அதுல உராய்வு கம்மி. கார் ஆயில்லயும் மைலேஜுக்காக உராய்வக் கொறைக்கிற சரக்கு சேத்திருப்பாங்க. கூடலூர் நண்பர் ஒருத்தர் வீட்டுல மிச்சம் இருந்த ஸ்கூட்டர் ஆயில டாப் அப் பண்ணிட்டு மூணு வாரம் அலைஞ்சாரு. என்னோடது எம்ஏ2தான், லெவலும் சரி, அதனால அங்க பிரச்சன இல்ல.

சரின்னு ஒரு கடையில விட்டேன். சைடு கவர் தொறந்தாங்க, புடிப்பு குடுக்கிற ஃபைபர் பிளேட்டோட தடிமன் வெர்னியர் வச்சு அளந்தா 2.6 மிமீ கிட்ட காட்டுச்சு, புதுசு 3. ஸ்டீல் பிளேட்டுல நீலமா சூட்டுக் கறை. பிளேட் செட், ஸ்பிரிங், கேஸ்கட், ஆயில், கூலி எல்லாம் சேத்து 5,000க்கு மேல போச்சு. 52,000 ஓடின வண்டி, மலை வண்டி, தேஞ்சது நியாயந்தான்னு நானும் ஒத்துக்கிட்டேன். யாரும் ஏன் தேஞ்சதுன்னு கேக்கல, நானும் கேக்கல.

வெறும் 5,000 கிமீல, 57,000ல, மறுபடி அதே வாசன. எனக்கு மனசே விட்டுப்போச்சு. ஓட்டுற பழக்கம் சரியில்ல, லிவர்ல வெரல் வச்சுட்டே ஓட்டுறீங்கன்னு கடையில சொன்னாங்க. அந்தப் பழக்கம் எனக்கு கெடையாது, இருந்தும் ஒரு மாசம் ஒவ்வொரு தடவையும் வெரல் எங்க இருக்குன்னு பாத்துப் பாத்து ஓட்டினேன். அப்பதான் ஒன்னு கவனிச்சேன், குமுளி மலையில லோயர் கேம்ப் தாண்டி ஏறுறப்ப இடது பக்கம் ஒடிக்கிற வளைவுல மட்டும் சத்தம் ஏறுது, வலது வளைவுல ஏறல.

கட்டப்பனையில ஒரு பழைய மெக்கானிக் சேட்டன்கிட்ட இதச் சொன்னேன். அவரு ஸ்பானரே எடுக்கல. வண்டி மேல உக்காந்து கிளட்ச் லிவர ஆட்டிப் பாத்தாரு, பிளே, அதாவது கேபிள் இழுபடுறதுக்கு முன்னாடி லிவர் சும்மா ஆடுற அளவு, இருந்துச்சு. ஹாண்டில வலது பக்கம் முழுசா திருப்பி ஆட்டினாரு, இருந்துச்சு. இடது பக்கம் முழுசா திருப்பினாரு, லிவர் கல்லு மாதிரி நிக்குது, துளி பிளே இல்ல. "எல்லாரும் ஹாண்டில நேரா வச்சுட்டே பாத்திருக்கு, வளைவுல ஹாண்டில் நேராவா இருக்கும்?"னு கேட்டாரு. எனக்கு பேச்சே வரல.

காரணம் நான் மாட்டின ஹாண்டில்பார் ரைசர், ஹாண்டில உசத்துறதுக்கு அடியில வைக்கிற பீஸ். முதுகு வலிக்காக 2022ல, 41,000 கிமீல மாட்டினது. ஹாண்டில் மேல ஏறி பின்னாடி வந்துச்சு, ஆனா கேபிள் பழைய நீளந்தான். நேரா இருக்கிறப்ப பத்துது, இடது பக்கம் ஒடிச்சா இழுபட்டு, நாம லிவரத் தொடாமயே கிளட்ச லேசா புடிச்ச மாதிரி ஆயிருது. பிளேட்டுகள அமுக்கிப் புடிக்கிற பிரஷர் பிளேட் முழு பலத்துல அமுக்காது. அதுவும் எங்க? மலை வளைவுல, ரெண்டு பேர் வெயிட்டோட, கீழ் கியர்ல. போடிமெட்டுல மட்டும் 17 கொண்டை ஊசி, அதுல ஒரு பக்கம் ஒடிக்கிறது ஒவ்வொன்னுலயும் பிளேட் தேஞ்சிட்டே இருந்திருக்கு. பிளேட் தேயத் தேய இருக்கிற பிளேயும் கொறையும், கொறஞ்சா இன்னும் வழுக்கும். இது தெரியாம ஸ்லிப் ஆகுதுன்னு கேபிள இன்னும் டைட் பண்றவங்க நெறைய பேர், தயவுசெஞ்சு பண்ணாதீங்க, ஸ்லிப்புக்கு கேபிள லூஸ்தான் பண்ணணும்.

ரைசருக்கு ஏத்த நீளமான கேபிள் போட்டு, ஹெட்லைட் பின்னாடி வளைவு இல்லாம ரூட் பண்ணி, லிவர் நுனியில 10லேர்ந்து 15 மிமீ பிளே வச்சோம், என் மேனுவல்ல இருக்கிற அளவு. ஹாண்டில் ரெண்டு பக்கம் ஒடிச்சாலும் அது அப்படியே இருக்கணும்னு சேட்டன் மூணு தடவ பாத்தாரு. பிளேட் ரெண்டாவது செட்டும் போயிருச்சு, அதயும் மாத்த வேண்டியதாச்சு. புது ஃபைபர் பிளேட்ட முந்தின நாள் ராத்திரியே எஞ்சின் ஆயில்ல ஊறப் போட்டுட்டாரு, காய்ஞ்ச பிளேட்ட அப்படியே மாட்டினா மொத ஓட்டத்துலயே கருக வாய்ப்பிருக்கு. பழைய கடையில இது செஞ்சாங்களான்னு நான் பாக்கல. ஸ்டீல் பிளேட்ட கண்ணாடி மேல படுக்க வச்சு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிசான தகடு) விட்டு வளைஞ்சிருக்கான்னு பாத்து, ரெண்ட ஒதுக்கினாரு. கருகின தூள் ஆயில்ல கலந்திருக்கும்னு ஆயிலும் ஃபில்டரும் புதுசு.

அதுக்கப்புறம் 11,000 கிமீ ஆச்சு. வாகமண், மூணாறு, வால்பாறை எல்லாம் லோடோட போயாச்சு, 5ஆவது கியர்ல 4,000க்கு 80 இன்னிக்கும் அச்சு பெசகாம நிக்குது. வண்டியில மத்தபடி பெரிய செலவு இல்ல, செயின் செட் மூணு, டயர் நாலு ஜோடி, முன் ஃபோர்க் ஆயில் சீல் ஒரு தடவ. ரைசர் இன்னும் வண்டியிலதான் இருக்கு, முதுகுக்கு அது வேணும்.

ரைசரோ உயரமான ஹாண்டிலோ மாட்டினவங்க இன்னிக்கே ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு லிவர ஆட்டிப் பாருங்க, அஞ்சு பைசா செலவில்ல. அப்படியே நியூட்ரல்ல எஞ்சின ஓட விட்டு ஒடிச்சுப் பாருங்க, ரேஸ் தானா ஏறினா ஆக்சிலேட்டர் கேபிளும் இழுபடுது, அது கிளட்ச விட ஆபத்து. பிரேக் ஹோஸும் அதே மாதிரி விறைக்குதான்னு பாத்துருங்க. நான் இப்ப இன்னொரு நீளக் கேபிள் வாங்கி, ரெண்டு முனைக்கும் கிரீஸ் தடவி கவர் கட்டி, ஓடுற கேபிளுக்குப் பக்கத்துலயே டேப் சுத்தி ஓட விட்டிருக்கேன், மலையில எங்கயாச்சும் அறுந்தா பத்து நிமிஷத்துல மாத்திக்கலாம்.