பங்காளிகள் பலர், ஆல்பம் ஒன்று: செட்டிநாட்டு வீட்டுப் படங்களை எங்கே வைப்பது?

கானாடுகாத்தான், தேவகோட்டை, கோட்டையூர் என்று எந்த ஊரில் பெரிய வீடு ஒன்றைத் திறந்தாலும், சட்டமிட்ட பழைய படங்கள் சுவரில் வரிசையாகத் தொங்கும். பாட்டனாரின் மணிவிழா, ரங்கூன் ஸ்டுடியோவில் கோட்டும் தலைப்பாகையுமாக நின்றது, கல்யாணத்துக்கு வந்த பிரமுகர்கள். வீடு பங்காளிகள் எல்லோருக்கும் பொது. ஆண்டில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கிறது. படங்களை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு எழுந்தால் நான்கு யோசனைகள் வரும்.

விற்றுவிடலாம் என்பது ஒன்று. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ப் பாருங்கள்: தேக்குச் சட்டத்துக்கு மதிப்பு உண்டு, உள்ளே இருப்பவருக்குப் பெயர்கூடக் கிடையாது. இதற்கு மேல் இதைப் பேச வேண்டியதில்லை.

வீட்டிலேயே இருக்கட்டும் என்போர் பக்கம் ஒரு வலுவான நியாயம் இருக்கிறது. மூன்றாம் வரிசையில் இடப்புறம் நிற்பவர் யார் என்று சொல்ல அங்கே ஓர் ஆச்சி இருப்பார். எந்த நூலகத்திலும் அவர் இருக்க மாட்டார். ஆனால் படத்துக்குத் தேவை 30 முதல் 50 சதவீத ஈரப்பதம். மழைக்காலத்தில் பூட்டிய அறையில் அது எங்கே நிற்கும்? படத்தின் மேற்பரப்பில் இருப்பது ஜெலட்டின். ஈரம் பட்டால் ஊறி, சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். சன்னல் அருகே படத்தைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். படத்தில் இருப்பவர் அணிந்த கறுப்புக் கோட்டு ஓரத்தில் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்புத் தெரிந்தால், உள்ளே உள்ள வெள்ளி மேலே கசியத் தொடங்கிவிட்டது. 1970, 80களின் ஒட்டும் பக்க ஆல்பங்கள் இன்னும் மோசம்; பழைய கறுப்புத்தாள் ஆல்பமே அவற்றைவிட நல்லது. ‘பாதுகாப்புக்காக’ லேமினேட் செய்பவர்களை என்ன சொல்வது? அதைத் திரும்பப் பிரிக்க வழியே இல்லை.

இளையவர்கள் சொல்வது ஸ்கேன். பங்காளிகள் அனைவருக்கும் ஆளுக்கொரு பிரதி, சண்டை தீர்ந்தது. ஒழுங்காகச் செய்தால் அருமையான வழிதான்: 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் கோப்பு. ஆறுக்கு நான்கு அங்குலப் படம் வண்ணத்தில் ஏறத்தாழ 26 எம்பி வரும். நடப்பதோ வேறு. கைப்பேசியில் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள், அது சுருங்கிப்போகிறது. ஆல்பத்தைப் பிரித்துப் படங்களைத் தனித்தனியாக்குகிறார்கள். யாருக்கு அடுத்து யாரை ஒட்டினார்கள் என்ற வரிசை அத்தோடு போயிற்று. முதலில் பக்கத்தை முழுதாகவும், பிறகு ஒவ்வொரு படத்தையும், அதன் பின்புறத்தையும் எடுக்க வேண்டும். அட்டையில் அச்சான ஸ்டுடியோ பெயரும் ஊரும்தான் பல நேரம் காலத்தைக் கணிக்க உதவும் ஒரே தடயம். ஸ்கேன் முடிந்ததும் மூலத்தைப் பரணில் போடுகிறவர்கள் வேலையைப் பாதியில் விட்டவர்கள். ஹார்ட் டிஸ்க் சொல்லிக்கொண்டு கெடுவதில்லை.

கடைசி வழி நூலகம். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல்களும் இதழ்களும் அவர் காலத்துக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னையில் 1994இல் ஆய்வு நூலகமாயின. ஊரைவிட்டுப் போனதால்தான் பிழைத்தன என்பேன். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியோடு தமிழக ஸ்டுடியோப் படங்களை மின்பதிவாக்கியது இன்னொரு வகை. அந்த நிதித் திட்டத்தின் விதிப்படி மூலங்கள் நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. நூலகத்திலும் குறை உண்டு: வரிசைப்படுத்தவே ஆண்டுகள் ஆகலாம், நினைத்த நேரத்தில் எடுத்துப் பார்க்க முடியாது, கல்யாணத்துக்கு முகப்பில் மாட்டவும் தர மாட்டார்கள்.

என் தேர்வு வீட்டைப் பொறுத்தது. ஆள் குடியிருந்து, வெயில் படாத காற்றோட்டமான உள்ளறை இருந்தால் மூலம் அங்கேயே இருக்கட்டும். ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் திறக்கும் வீடென்றால் மூலம் நூலகத்துக்கு, சுவருக்கு நல்ல நகல். எதுவானாலும் ஸ்கேன் உண்டு. அதற்கும் முன்னால், ஆச்சியை உட்கார வைத்துப் பெயர்களை மென்மையான பென்சிலால் படத்தின் பின்புறம், ஓரமாக எழுத வேண்டும். நூலகத்துக்குக் கொடுப்பதாக இருந்தால், அது தானமா, பாதுகாப்புக்கு ஒப்படைத்ததா, வெளியிட யார் அனுமதி தர வேண்டும் என்பதைப் பங்காளிகள் எல்லோரும் கையெழுத்திட்ட தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு அடுத்த தலைமுறையில் வழக்காகும்.