சென்சார் தூசி: ஊதுவதா, ஒற்றியெடுப்பதா, துடைப்பதா?

நீல வானத்தை எஃப்/16-ல், அதாவது லென்ஸின் ஒளித்துளையை நன்றாகச் சுருக்கி எடுத்த படத்தில் மங்கலாக ஒரு சாம்பல் வட்டம். அடுத்த படத்திலும் அதே இடத்தில் அதே வட்டம். லென்ஸை மாற்றிப் பார்த்தும் போகவில்லை என்றால் தூசி, படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரில்தான் உட்கார்ந்திருக்கிறது. பலருக்கும் கை நடுங்குவது இந்த இடத்தில்தான். லட்ச ரூபாய் கேமராவின் உயிர்நாடியில் நாமே கை வைக்கலாமா என்ற பயம் நியாயமானது. ஆனால் நாம் தொடப்போவது சென்சாரின் சிலிக்கானை அல்ல, அதற்கு முன்னால் இருக்கும் வடிகட்டிக் கண்ணாடியை. அந்தக் கண்ணாடி ஓரளவு கெட்டியானதுதான், அதன்மேல் உள்ள மெல்லிய பூச்சுதான் பூப்போல. அதில் கீறல் விழாமல், பிசுக்கும் ஒட்டாமல் அழுக்கை எடுக்க வேண்டும். அதற்கு எந்தக் கருவி என்பதைப் படிந்திருக்கும் அழுக்குதான் முடிவு செய்யும்.

அதனால் கடைக்குப் போகும் முன் அழுக்கைப் பாருங்கள். ஐஎஸ்ஓ 100, எஃப்/16 அல்லது எஃப்/22. ஃபோகஸை மேனுவலில் போட்டுக் குலைத்துவிடுங்கள். கணினித் திரை முழுக்க வெற்று வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, பக்கத்தில் போய் ஒரு படம் எடுங்கள். ஷட்டர் திறந்திருக்கும் ஒன்றிரண்டு விநாடியும் கேமராவை லேசாக அசைத்துக்கொண்டே இருங்கள். திரையில் உள்ளது எல்லாம் கலைந்துபோகும், சென்சாரில் உள்ளது மட்டும் அசையாமல் நிற்கும். பிறகு படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். ஒழுங்கற்ற சாம்பல் புள்ளி, நூல்போல் வளைந்த கோடு என்றால் காய்ந்த தூசி, துணி இழை. நல்ல வட்டமாக, ஓரம் கறுத்து நடுவில் வெளுத்திருந்தால் பெரும்பாலும் எண்ணெய்த் துளி அல்லது காய்ந்த ஈரம். படத்தில் மேலே தெரியும் புள்ளி சென்சாரில் கீழே இருக்கும். கேமராவை நிமிர்த்தி, லென்ஸ் வாய் வழியாக முன்னாலிருந்து பார்த்தால் இடம் வலம் மாறாது, மேல் கீழ் மட்டும்தான் மாறும்.

சும்மா விட்டுவிடுவதும் ஒரு வழிதான், அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். தூசி உட்காரும் கண்ணாடிப் பரப்புக்கும் சென்சாருக்கும் நடுவே சிறு இடைவெளி உண்டு. எஃப்/2.8-ல் ஒளி அகன்ற கூம்பாக வந்து தூசியைச் சுற்றிப் போய்விடும். எஃப்/16-ல் ஒடுங்கி வருவதால் நிழல் அழுத்தமாக விழும். கல்யாண மண்டபத்தில் எஃப்/2, எஃப்/2.8 என்றே வேலை செய்பவருக்கு நாலைந்து புள்ளிகள் கண்ணில் படாது. நிக்கானில் டஸ்ட் ஆஃப் குறிப்புப் படம், கேனனில் டஸ்ட் டிலீட் டேட்டா என்று மென்பொருள் வழியாக அழிக்கவும் ஏற்பாடு இருக்கிறது. நிலக்காட்சி, மேக்ரோ, நகைப் படம் எடுப்பவர்களுக்கு இது ஒத்துவராது. வீடியோ எடுப்பவருக்குச் சுத்தமாக ஒத்துவராது, ஓடும் காட்சியில் ஒரு புள்ளியை அழிப்பது பெரும்பாடு.

சென்சாரை அதிரவைத்துத் தூசியை உதறும் வசதி இப்போது பெரும்பாலான கேமராக்களில் உண்டு. ஒலிம்பஸ் 2003-ல் ஈ-1 கேமராவில் கொண்டுவந்தது. புதிதாக விழுந்த தூசிக்கு உதவும், ஒட்டிக்கொண்டதை அசைக்காது. மெனுவில் இருப்பதுதானே, முதலில் அதை ஓடவிடுங்கள்.

அடுத்தது ஊதுவது. சில நூறு ரூபாய் ரப்பர் ப்ளோயர் இல்லாமல் மற்ற எந்த வழியிலும் இறங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மின்விசிறியை நிறுத்துங்கள். பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். டி.எஸ்.எல்.ஆர், அதாவது சென்சாருக்கு முன்னால் மிரர் உள்ள கேமரா என்றால், மெனுவில் உள்ள சென்சார் க்ளீனிங் முறையில் அந்த மிரரைத் தூக்குங்கள். பல்ப் முறையில், அதாவது பட்டனை அழுத்திப் பிடித்து ஷட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யும் பழைய வழக்கம் ஆபத்து, விரல் நழுவினால் ஷட்டர் மூடிக்கொள்ளும். கேமராவின் வாயைத் தரையைப் பார்க்கப் பிடித்து, ப்ளோயரை முதலில் வெளியே நாலு முறை அழுத்தி அதன் உள்தூசியை விரட்டிவிட்டு, நுனி லென்ஸ் வாய்க்குள் நுழையாமல் கீழிருந்து ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். டப்பாவில் அடைத்த காற்று அதைவிட மோசம், உள்ளே இருக்கும் திரவம் பீய்ச்சியடித்துக் கறையாகிவிடும்.

அலங்காநல்லூர் வாடிவாசல் முன்னால் லென்ஸ் மாற்ற நேர்ந்தவர்களுக்குத் தெரியும், அந்தப் புழுதியில் பெரும்பகுதி ஊதினாலே போய்விடும். மீதி இருப்பது மணல் துகள் என்றால்? அதன்மேல் எதையாவது வைத்துத் தேய்த்தால் கீறல்தான். ப்ளோயருக்கு முதலிடம் தருவதற்குக் காரணமே இதுதான்.

ஊதியும் போகாதவற்றுக்கு இரண்டு வழி: ஜெல் ஸ்டிக், ஈர ஸ்வாப். உண்மையான போட்டி இங்கேதான். ஜெல் ஸ்டிக் என்பது நுனியில் பசைத்தன்மையுள்ள ஒரு குச்சி. புள்ளி இருக்கும் இடத்தில் மெல்ல ஒற்றி எடுத்தால் தூசி அதில் ஒட்டிக்கொண்டு வரும். பிறகு கூடவே தரும் பசைத்தாளில் அழுத்தித் தூசியை அதற்கு மாற்றிவிட்டு அடுத்த இடம். தேய்ப்பதே இல்லை என்பதால் கீறல் பயம் குறைவு, திரும்பத் திரும்பப் பயன்படும், திரவம் காய்ந்த கோடும் விழாது. காய்ந்த துகள், இழை இரண்டுக்கும் அருமையானது. எண்ணெய் என்று வந்தால் தோற்றுவிடும், துளியை எடுக்காமல் பரப்பிவிடும். மிரர்லெஸ் (மிரர் இல்லாத கேமரா) வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சென்சாரே மிதந்து அசையும் நிலைப்படுத்தி உள்ள கேமராக்களில், பசை அதிகமான குச்சியால் வெடுக்கென்று இழுப்பது நல்லதல்ல. சோனிக்கென்று பசை குறைந்த குச்சி தனியாகவே கிடைக்கிறது. மலிவு விலைப் போலிகளும் நிறைய வருகின்றன, அவை பிசுக்கை விட்டுப்போகும்.

ஈர ஸ்வாப் என்பது நுனியில் துணி சுற்றிய தட்டையான குச்சி, திரவம் விட்டுத் துடைக்க வேண்டும். காய்ந்தது, ஈரமானது, எண்ணெய் என எல்லாவற்றையும் அது எடுக்கும். எண்ணெய் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள் 2012-ல் வந்த நிக்கான் டி600 கேமராவை நினைத்துப் பார்க்கலாம். ஷட்டர் பகுதியிலிருந்து புள்ளிகள் சென்சாரில் தெறிப்பதாகப் புகார் எழுந்து, 2014-ல் நிக்கான் இலவசமாகச் சுத்தம் செய்து ஷட்டரையும் மாற்றித் தந்தது. அந்த மாதிரிப் புள்ளியை ப்ளோயர் அசைக்காது.

ஸ்வாபின் அகலம் சென்சாரின் உயரத்தோடு பொருந்த வேண்டும். ஃபுல் ஃப்ரேம் 36க்கு 24 மில்லிமீட்டர் என்பதால் 24 மி.மீ. ஸ்வாப், அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாருக்கு 16 மி.மீ. நுனியில் இரண்டு சொட்டுத் திரவம் போதும். அது துணியில் ஊறச் சில விநாடி விடுங்கள். ஒரு ஓரத்தில் ஸ்வாபை முழு அகலமும் படும்படி வைத்து, போகும் பக்கம் கைப்பிடியைச் சற்றே சாய்த்து, நுனி லேசாக வளையும் அளவு அழுத்தத்தில், நடுவில் நிற்காமல் மறு ஓரம் வரை ஒரே இழுப்பு. எடுத்துத் திருப்பி, தொடாத மறுபக்கத்தால் வந்த வழியே இன்னொரு இழுப்பு. அவ்வளவுதான், அந்த ஸ்வாப் குப்பைக்கு. காசு மிச்சம் என்று இரண்டாவது முறை அதையே எடுத்தால் முதல் இழுப்பில் திரட்டிய துகளையே திரும்பத் தேய்ப்பீர்கள். ஓரத்தில் திரவக் கோடு தெரிந்தால் சொட்டு அதிகம், அடுத்த ஸ்வாபில் குறையுங்கள்.

திரவமும் சென்சாருக்கென்று விற்பதாகவே இருக்கட்டும். எக்லிப்ஸ் போன்றவை தூய மெத்தனால், நொடியில் ஆவியாகிவிடும். அடுப்பு, விளக்கு அருகே திறக்காதீர்கள், குழந்தைகள் கையில் கிடைக்கவே கூடாது. மெடிக்கல் ஷாப் ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் திரவம், காது குடையும் பஞ்சுக்குச்சி மூன்றும் கேமரா பக்கமே வரக் கூடாது.

இரண்டில் முதல் தடவைக்கு எது? பலரும் ஜெல் ஸ்டிக்கைத்தான் சொல்வார்கள், கை பழகாதவருக்கு அதுதான் எளிது என்று. நான் ஈர ஸ்வாப் பக்கம். புதியவருக்கு எண்ணெயா தூசியா என்று பிரித்தறிவதே கடினம், தவறாகக் கணித்து ஜெல்லால் எண்ணெயைப் பரப்பிவிட்டால் கடைசியில் ஸ்வாப்தான் வாங்க வேண்டும். நன்றாக ஊதிய பிறகு, சரியான அளவு ஸ்வாபில் ஒரே இழுப்பு என்பதில் தவறு நடக்க இடம் குறைவு. புள்ளிகள் எல்லாம் காய்ந்த தூசிதான் என்று உறுதியாகத் தெரிந்தவர், இரண்டு மூன்று கேமரா வைத்திருப்பவர் ஜெல் ஸ்டிக் வாங்கலாம், அவருக்கு அது லாபம். பிரஷ் மட்டும் வேண்டாம். சென்சார் ஓரத்துச் சட்டத்தில் உள்ள மசகைத் தொட்டுவிட்டால் அதைக் கொண்டுவந்து நடுவில் பூசிவிடும்.

சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும் என்ற நிலைமைகளும் உண்டு. வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் போது எண்ணெய்ப் புள்ளி திரும்பத் திரும்ப வந்தால் அது துடைத்துத் தீரும் விஷயம் அல்ல, பழுது. பூஞ்சை மாதிரிக் கிளைவிட்ட படலம் தெரிந்தாலும், ஷட்டர் இதழ் வளைந்திருந்தாலும் நீங்கள் எதையும் தொடாதீர்கள். கொடுக்கும் முன்னும் வாங்கிய உடனும் கவுண்டரிலேயே எஃப்/16 சோதனைப் படம் எடுத்து ஒப்பிடுங்கள். சில கடைகளில் வெறுமனே ஊதிவிட்டுப் பணம் வாங்கிவிடுவார்கள்.

வீட்டில் செய்தாலும் ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் அதே சோதனைப் படம்தான் நீதிபதி. இரண்டு ஸ்வாபுக்குப் பிறகும் மூலையில் ஒரு புள்ளி மிச்சமிருந்தால் அன்றைக்கு நிறுத்திக்கொண்டு லென்ஸை மாட்டிவிடுங்கள். எஃப்/8-ல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள், அதில் அது தெரியவில்லை என்றால் அப்படியே இருக்கட்டும்.